மார்ஃபின் வேணாம்னு சொல்லிட்டுப் போன அண்ணனுக்கு

அண்ணா வணக்கம்,

உங்க அப்பா அட்மிட் ஆகியிருக்கற பேலியேட்டிவ் வார்டு, அதாவது கேன்சர் மாதிரி வியாதில வலியையும் கஷ்டத்தையும் கொறைக்கற வார்டு, அங்க இருக்கற சிஸ்டர்தான் எழுதுறேன். கடுமையான வலிக்கு குடுக்கற மார்ஃபின் மாத்திரைய டாக்டர் எழுதினதும், "அத மட்டும் போட்டுடாதீங்க சிஸ்டர், எங்க தெருவுல ஒருத்தருக்கு அத குடுத்து ரெண்டே நாள்ல முடிஞ்சிடுச்சு"ன்னு சொல்லிட்டு போயிட்டீங்க. வார்டு வாசல்ல நாலு பேரு நிக்கறப்போ அதுக்கு பதில் சொல்ல முடியல. உங்க நம்பர் கேஸ் ஷீட்ல இருக்கு, கூப்பிட்டு சொல்லியிருக்கலாம்தான், ஆனா இதே பயத்தோட வர்றவங்க நெறைய பேர் இருக்காங்க, அவங்களும் படிக்கட்டும்னு பொதுவுல எழுதுறேன். ஊர், வயசு, அடையாளம் எல்லாம் மாத்திட்டேன், படிக்கறவங்க யாருக்கும் நீங்க யாருன்னு தெரியாது, உங்களுக்கு மட்டும் தெரியும்.

முதல்ல அந்த தெருக்காரர் விஷயத்துக்கே வர்றேன். அவருக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு தெரியாது. ஆனா எங்ககிட்ட வர்ற முக்காவாசி பேர் எல்லா ஆஸ்பத்திரியும் ஏறி எறங்கி, காசெல்லாம் கரைஞ்சு, உடம்புல ஒண்ணும் மிச்சமில்லாம கடைசி வாரத்துல வர்றாங்க. அப்பதான் முதல் மாத்திரையே குடுக்கறோம். ரெண்டு நாள்ல அவங்க போயிட்டா வீட்ல இருக்கறவங்க கண்ணுக்கு மாத்திரைதான் தெரியும், ஆறு மாசமா வளந்த கட்டி தெரியாது. அது மருந்து செஞ்ச வேலை இல்லண்ணா, மருந்து லேட்டா வந்துச்சு அவ்ளோதான்.

உங்க அப்பா அந்த கட்டத்துல இல்ல. நடக்கறாரு, பேப்பர் படிக்கறாரு, காலைல டீ வரலன்னா சத்தம் போடுறாரு. கன்னத்துல புண்ணு இருக்கு, வலி இருக்கு. வலி எவ்ளோன்னு பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும் நம்பர் கேட்டு எழுதி வைக்கறது எங்க வேலை. நீங்க பக்கத்துல இருக்கும்போது அவர் சொல்ற நம்பர் வேற, நைட் ரெண்டு மணிக்கு நான் கேக்கும்போது சொல்ற நம்பர் வேற. ரெண்டையும் எழுதி வச்சிருக்கேன். அதுக்கு மேல அவர் என்கிட்ட பேசினத இங்க எழுத மாட்டேன், அது அவரோடது.

மார்ஃபின் எப்படி குடுப்போம்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும்னு நினைக்கறேன். ஊசி இல்ல, வாய்ல போடற சின்ன மாத்திரை. 5 மில்லிகிராம் இல்ல 10 மில்லிகிராம்ல ஆரம்பிப்போம், வயசானவங்களுக்கு அதவிட கம்மியா கூட. நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு, காலைல ஆறு, பத்து, மதியம் ரெண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து. ராத்திரி பத்து மணி டோஸ் மட்டும் பெரும்பாலும் ரெட்டிப்பா இருக்கும், நடுராத்திரி எழுப்ப வேணாம்னு. வலி வந்தப்புறம் ஓடிப்போய் குடுக்கறது கிடையாது, வர்றதுக்கு முன்னாடியே நேரம் பார்த்து குடுக்கறது. இந்த முறைய உலகம் முழுக்க கொண்டு போனவங்கள்ல முக்கியமானவங்க லண்டன்ல 1967ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ (கடைசி கட்டத்துல இருக்கறவங்கள கவனிக்கற இடம்) ஆரம்பிச்ச சிசிலி சாண்டர்ஸ். அவங்க மொதல்ல நர்ஸ், அப்புறம்தான் டாக்டருக்கு படிச்சாங்க. எனக்கு ட்ரெயினிங் குடுத்த கோழிக்கோட்டு டீச்சருங்க மொத நாளே சொன்ன விஷயம் இதுதான், கடிகாரத்த பாரு, பேஷண்ட் கத்தற வரைக்கும் காத்திருக்காத. அந்த கோழிக்கோட்டு மெடிக்கல் காலேஜ்ல 1993ல டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சின்னதா ஆரம்பிச்ச பேலியேட்டிவ் கேர்தான் பின்னாடி கேரளா முழுக்க பரவுச்சு, 2008ல அந்த கவர்மெண்டே இதுக்குன்னு தனி பாலிசி கொண்டு வந்துச்சு.

சைட் எஃபெக்ட் இல்லன்னு சொல்ல மாட்டேன். மொத ரெண்டு மூணு நாள் தூக்கமா இருக்கும், சிலருக்கு வாந்தி வரும், அது தானா சரியாயிடும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது, அதனால மார்ஃபின் எழுதும்போதே கூட மலமிளக்கியும் எழுதணும், டாக்டர் மறந்தா கூட சிஸ்டர் விடமாட்டோம், தெனமும் "இன்னிக்கு போனீங்களா"ன்னு நாங்க கேக்கறதுக்கு காரணம் அதான். மூச்சு நின்னுடுமோன்னு கேட்டீங்க. கம்மியா ஆரம்பிச்சு படிப்படியா ஏத்தும்போது, மூச்சு கொறையறதுக்கு முன்னாடியே ஆளுக்கு அதிக தூக்கம் வந்துடும், கூப்பிட்டா சட்டுனு கண்ணு தொறக்க மாட்டாங்க, அது எங்களுக்கு சிக்னல். அதனாலதான் பேர் சொல்லி கூப்பிட்டு பார்ப்போம், ஒரு நிமிஷம் முழுசா மூச்ச எண்ணுவோம், நெஞ்ச பார்த்துட்டு நிக்கறது வேடிக்கை பாக்கறதுக்கு இல்ல. அடிமை ஆயிடுவாரோன்னா, கேன்சர் வலிக்கு சரியான அளவுல சாப்பிடறவங்க போதைக்கு அலையறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ரேடியேஷன் குடுத்து வலி கொறைஞ்சுச்சுன்னா மாத்திரையையும் கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு நிறுத்திடலாம், நானே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்.

"இவ்ளோ நல்ல மருந்துன்னா ஏன் மெடிக்கல் ஷாப்ல கிடைக்கல"ன்னு உங்க சித்தப்பா கேட்டாரு. நியாயமான கேள்வி. 1985ல வந்த போதைப்பொருள் தடுப்பு சட்டம் ரொம்ப கெடுபிடி, ஒவ்வொரு மாநிலத்துலயும் பல லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்துச்சு, ஒண்ணு கிடைக்கறதுக்குள்ள இன்னொண்ணு காலாவதி ஆயிடும், அதனால பெரிய பெரிய ஆஸ்பத்திரி கூட எதுக்கு வம்புன்னு விட்டுட்டாங்க. 2014ல சட்டத்த திருத்தி ஈஸி பண்ணாங்க. ஆனாலும் பழைய பயம் இன்னும் போகல. மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் உத்தரப் பிரதேசத்துலயும் லைசென்ஸ் வாங்கி ஓபியம் (அபின்) பயிர் பண்றாங்க, அதுலேருந்துதான் மார்ஃபின் வருது, வெளிநாட்டுக்கும் ஏத்துமதி ஆகுது. நம்ம ஊர்ல ஒருத்தர் துண்ட கடிச்சுக்கிட்டு படுத்திருக்கறத பாக்கும்போது இதெல்லாம் நெனைச்சா எனக்கு ஆத்திரமா வரும். எங்க வார்டுல அது ரெட்டைப் பூட்டு போட்ட அலமாரில இருக்கு, ஒவ்வொரு மாத்திரைக்கும் ரெஜிஸ்டர்ல கையெழுத்து, டூட்டி மாறும்போது ரெண்டு சிஸ்டர் சேர்ந்து எண்ணி பார்த்துதான் சாவிய கை மாத்துவோம். ஒரு மாத்திரை கூட சும்மா வெளிய போகாது.

இப்ப ட்ரெஸ்ஸிங் பத்தி சொல்லணும், ஏன்னா நேத்து அத பாதில நிறுத்திட்டேன், அம்மா பார்த்துட்டு இருந்தாங்க. அந்த புண்ணுலேருந்து வர்ற வாடைக்காக வீட்ல ஊதுவத்தி, கற்பூரம் எல்லாம் வச்சிருந்ததா அம்மா சொன்னாங்க. அதெல்லாம் வேணாம், மெட்ரோனிடசோல்ங்கற ஆன்டிபயாடிக் மாத்திரைய பொடி பண்ணி புண்ணுல தூவினா ரெண்டு மூணு நாள்லயே வாடை நல்லா கொறையும். ஆனா அத செய்ய மொதல்ல புண்ணு மேல இருக்கற பழைய காஸ் துணிய எடுக்கணும். சலைன் ஊத்தி ஊற வச்சு மெதுவா எடுத்தாலும் ஓரத்துல ஒட்டிக்கிட்டு வரும், லேசா ரத்தம் கசியும். உங்க அப்பா என் மணிக்கட்ட புடிச்சுக்கிட்டாரு, தள்ளல, சும்மா புடிச்சுக்கிட்டாரு, அதுக்கு மேல என்னால எடுக்க முடியல. அரை மணி நேரம் முன்னாடி ஒரு டோஸ் உள்ள போயிருந்தா அந்த வேலை முடிஞ்சிருக்கும். வாடை கொறைஞ்சா அம்மா கட்டிலுக்கு பக்கத்துல வந்து உக்காருவாங்க, இப்ப ஜன்னல் ஓரமா உக்காந்திருக்காங்கல்ல.

எல்லா வலியும் மாத்திரைக்கு அடங்காதுன்னும் சொல்லிடறேன். இதே வார்டுல முன்னாடி ஒரு பெரியவர், டோஸ் ஏத்த ஏத்த எட்டுன்னே சொல்லிட்டிருந்தாரு. ஒரு நைட் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து வேற என்னய்யா உறுத்துதுன்னு கேட்டேன். வைத்தியத்துக்குன்னு மருமகளோட நகைய அடகு வச்சிருக்காங்க, அவருக்கு தெரியாதுன்னு வீட்ல நெனைச்சிருக்காங்க, அவருக்கு மொத நாள்லேருந்தே தெரியும். மறுநாள் அந்த பொண்ணையே வரச் சொல்லி ரெண்டு பேரையும் பேச விட்டோம். வலி போயிடல, அன்னிக்கு சாயங்காலம் அஞ்சுன்னு சொன்னாரு. அஞ்சு கூட பெரிய விஷயம்தான்.

இத ஏன் சொல்றேன்னா, அப்பாகிட்ட வியாதி பேர சொல்லிடாதீங்கன்னு நீங்களும் எங்ககிட்ட கேட்டிருக்கீங்க. அவர் கேக்காத வரைக்கும் நான் வாய தொறக்க மாட்டேன். ஆனா அவரே நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன், "நீங்க என்ன நெனைக்கறீங்க"ன்னு திருப்பி கேப்பேன். பெரும்பாலானவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும், பசங்க தாங்க மாட்டாங்கன்னு அவங்க மறைப்பாங்க, அவர் தாங்க மாட்டாருன்னு பசங்க மறைப்பாங்க, நடுவுல யாருமே மனசு விட்டு பேசாம நாள் போயிடும்.

எங்க யூனிட்டுக்கு அனுப்பினாலே கைவிட்டுட்டாங்கன்னு நெனைக்கறீங்க இல்லையா. 2010ல அமெரிக்கால பாஸ்டன்ல நுரையீரல் கேன்சர் முத்தின 151 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. வழக்கமான ட்ரீட்மெண்ட்டோட ஆரம்பத்துலேருந்தே இந்த பேலியேட்டிவ் கேரும் கிடைச்சவங்க நிம்மதியா இருந்தாங்க, அதோட கடைசி கட்டத்துல கடுமையான ட்ரீட்மெண்ட் கம்மியா எடுத்தும் கூடுதல் நாள் இருந்தாங்க, சராசரியா பார்த்தா 11.6 மாசம், மத்தவங்க 8.9 மாசம். எல்லாருக்கும் அப்படியே நடக்கும்னு நான் வாக்கு குடுக்கல. ஆனா எங்ககிட்ட வந்தா ஆயுசு கொறையும்ங்கறது தப்பு. அப்பாவோட ரேடியேஷன் நிக்காது, அந்த டாக்டரும் வருவாரு, நாங்களும் இருப்போம்.

கடைசி நேரத்துலயும் நாங்கதான் இருப்போம், அதையும் மறைக்கல. பால் ஊத்தணும் சிஸ்டர்னு கேக்கறவங்கள நான் தடுத்தது இல்ல, முழுங்க முடியாதவங்களுக்கு ஸ்பூன்ல ஊத்தினா பொரை ஏறும், அதனால பஞ்ச பால்ல நனைச்சு நல்லா பிழிஞ்சு உதட்டுல ஈரம் படற மாதிரி தொட்டு வைங்கன்னு சொல்லுவேன், பேரப்புள்ளைங்க வரைக்கும் வரிசையா வந்து தொட்டு வைப்பாங்க. அந்த நாள் உங்களுக்கு இப்போ இல்ல. இப்போ பண்ண வேண்டியது அப்பா ராத்திரி தூங்கறதுக்கு வழி.

வீட்டுக்கு போனப்புறம் யார் பாக்கறதுன்னு அம்மா கவலைப்படறாங்க. ட்ரெஸ்ஸிங் அவங்களுக்கே சொல்லி குடுத்துதான் அனுப்புவேன், கை சுத்தமாதான் இருக்கு, தைரியம்தான் வரணும். 2021 ஆகஸ்ட் 5ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பாக்கற பேலியேட்டிவ் நர்ஸ் இருக்காங்க, உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் பதிஞ்சுக்கலாம், அதுக்கு லெட்டர் நான் வாங்கி தர்றேன்.

நாளைக்கு காலைல ரவுண்ட்ஸுக்கு முன்னாடி வந்துடுங்க, டாக்டர்கிட்ட என்ன கேக்கணுமோ பேப்பர்ல எழுதிட்டு வந்து ஒவ்வொண்ணா கேளுங்க, சித்தப்பாவையும் கூட்டிட்டு வாங்க. முடிவு அப்பாவும் நீங்களும் சேர்ந்து எடுக்கறது, அவரையும் கேளுங்க. வரும்போது போன மாசம் வெளிய எடுத்த ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ட மறக்காம எடுத்துட்டு வாங்க, கிட்னி எப்படி இருக்குன்னு பார்த்துதான் மொத டோஸ் எவ்ளோன்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு.

இப்படிக்கு,
வார்டு சிஸ்டர்