அந்த டிவிடியைத் தேடிப் பார்

அன்பு நண்பா,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டு, எழுதும்போதே ஓர் உதவி கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் நலம். சின்னவள் படிப்பை முடித்துவிட்டாள். மற்றதெல்லாம் அடுத்த கடிதத்தில்.

என் கணினியின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது.

போன மாதம் ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தினேன். உள்ளிருந்து 'டிக், டிக், டிக்' என்று ஒரு சத்தம். சற்று அமைதி. மறுபடி அதே மூன்று தட்டல். திரை கறுப்பாகவே நின்றது. பதற்றத்தில் ஏழெட்டு முறை அணைத்து அணைத்துப் போட்டேன். செய்யவே கூடாதது அதுதான் என்று பிறகு பழுது பார்த்தவர் சொன்னார். உள்ளே நிமிடத்துக்கு 7,200 முறை தட்டு சுழல்கிறது. தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் அதன்மேல் ஹெட், அதாவது தரவைப் படித்து எழுதும் முனை, மிதக்கிறது. அது பழுதாகி உரசத் தொடங்கினால், மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தட்டை இன்னும் கொஞ்சம் சுரண்டும். நெட்டையன், ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் பார் என்றான். நல்லவேளை, கேட்கவில்லை. குளிர்ந்த தட்டில் காற்றின் ஈரம் படிந்து மிச்சமும் போயிருக்கும்.

எனக்கு ஆறாத வருத்தம் எது தெரியுமா? மாதம் தவறாமல் மின்விசிறித் தூசியைத் துடைத்தேன். யுபிஎஸ் வாங்கினேன். முக்கியமான கோப்புகளை 'டி' டிரைவில் இன்னொரு பிரதி எடுத்தும் வைத்தேன். ஆனால் 'சி'யும் 'டி'யும் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள்தான். பெட்டியே போனபின் அதில் எத்தனை அறை இருந்து என்ன?

புகைப்படங்களில் பெரும்பகுதி அக்காவிடம் இருந்ததால் தப்பின. அப்பா பேசிய பதிவு போய்விட்டது.

இதைச் சொல்லி அழுவதற்காக மட்டும் எழுதவில்லை. உன் சொல்லகராதியை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு! 'வெளி டிஸ்கில் பிரதி இருக்கிறது' என்று நீ சொல்வாய். அது இரவும் பகலும் கணினியோடு செருகியே கிடக்கிறதே, நான்தான் கண்ணால் பார்த்தேனே. 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை போன்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பிணைத்தொகை வைரஸ் நுழைந்தால், செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டும். பிரதி எடுத்து முடித்ததும் கழற்றிவிடு. இணையச் சேமிப்பில் தானாக ஒத்திசைவதை மட்டும் நம்பாதே. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள்தான் கிடக்கும். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. அந்த வெளிப் பிரதியை என்னிடம் கொடு, பத்திரமாக வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்தும் பார். விடைத்தாளைத் திருப்பிப் படிக்காமல் கொடுத்தால் நம் வாத்தியார் விட்டாரா?

உன் பழைய டிஸ்கின் ஸ்மார்ட் அறிக்கையையும், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கையும், பார்த்துவிடு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். பழுதாகி மாற்றி ஒதுக்கிய செக்டர்களின் (தட்டில் தரவு பதியும் சிறு கட்டங்களின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் புதிது வாங்கத் தாமதிக்காதே. என் டிஸ்கும் ஒருவேளை முன்கூட்டியே சொல்லியிருக்கும். நான் கேட்கவில்லை.

இப்போது அந்த உதவி. 2013இல் நீ வந்தபோது உனக்கு ஒரு டிவிடி பதிந்து கொடுத்தேன், நினைவிருக்கிறதா? மேலே நீல மையில் என் கையெழுத்து இருக்கும். படங்களோடு அப்பாவின் பேச்சையும் அதில் போட்டேன் என்றுதான் நினைவு. அப்பா கிணறு வெட்டிய கதையைச் சொல்வார், நடுவில் நீ சிரிப்பது கேட்கும். பதிவு டிவிடியின் சாயப் பூச்சு வெயிலிலும் வெப்பத்திலும் கெட்டுப்போகும். அது ஜன்னல் பக்கம் இல்லாமல் அலமாரிக்குள் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் துணியால் அழுத்தித் துடைக்காதே. கணினி அதை முதல் முறை படித்தவுடனே முழுவதையும் நகலெடுத்துவிடு. படிக்காவிட்டால் திரும்பத் திரும்ப முயலாதே, அப்படியே எடுத்து வை. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உடனே எழுது.

உன் பழைய நண்பன்