பழகுநர் பயிற்சி நிதி சிறு பட்டறைகளைச் சென்றடைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்பழகுநர் பயிற்சியை நாடும் இளைஞர்கள் பெருகிவரும் நிலையில், அதற்கான அரசு நிதியையும் பெருக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுவது இயல்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எவ்வளவு என்று முடிவு செய்யும் முன், யாருக்கு, எதற்காக என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

பிரான்ஸின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. கொரோனா காலத்தில், 2020 ஜூலை முதல், பழகுநரைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு முதலாண்டுக்கு 5,000 யூரோ, பழகுநர் 18 வயது நிறைந்தவராயின் 8,000 யூரோ என அந்நாட்டு அரசு வழங்கத் தொடங்கியது. 2018இல் ஏறத்தாழ 3 லட்சமாக இருந்த புதிய ஒப்பந்தங்கள் 2022இல் 8 லட்சத்தைத் தாண்டின. பெரும் சாதனைதான். எனினும் அந்த வளர்ச்சியின் பெரும்பகுதி உயர்கல்வி மாணவர்களிடையே நிகழ்ந்தது. அரசின் சுமையோ தாங்க முடியாத அளவுக்கு ஏறியது. இறுதியில் 2025 பிப்ரவரியில், 250 பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் நிறுவனங்களுக்கு 5,000 யூரோ, பெரிய நிறுவனங்களுக்கு 2,000 யூரோ என்று தொகை குறைக்கப்பட்டது. சிறியவருக்குக் கூடுதலாகவும் பெரியவருக்குக் குறைவாகவும் தரும் இந்த முறையைத் தொடக்கத்திலேயே கடைப்பிடித்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

சிறு பட்டறையின் உண்மையான செலவு பழகுநருக்குத் தரும் உதவித்தொகை மட்டுமல்ல. கற்றுக்கொடுக்கும் மூத்த தொழிலாளி தன் வேலையை நிறுத்திவிட்டு, புதியவர் செய்ததைச் சரிபார்த்து, கெட்டுப்போனதை மறுபடி செய்துகாட்டும் நேரமே பெரிய செலவு. பெருநிறுவனத்தில் இதற்கெனத் தனிப் பிரிவே இருக்கும். நான்கைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் அந்த நேரம் நேரடியாக உற்பத்தியிலிருந்து கழிகிறது. செலவழித்த பிறகு விண்ணப்பித்து, மாதக்கணக்கில் காத்திருந்து பெறும் மானியம் இத்தகையோருக்குப் பெரிதும் பயன்படாது. ஆகவே ஒரு பகுதியைப் பயிற்சி தொடங்கும்போதே விடுவித்து, எஞ்சியதைப் பழகுநர் தேர்ச்சி பெற்றபின் வழங்குவதே முறை. பழகுநர்களை மலிவான கூலியாட்களாகப் பயன்படுத்தும் வழக்கத்துக்கும் அது ஓரளவு கடிவாளமாக அமையும். தேர்ச்சியைப் பயிற்சி தரும் நிறுவனமே முடிவு செய்யாமல், ஜெர்மனியில் தொழில் வர்த்தகச் சபைகள் தேர்வு நடத்துவதைப்போல வெளியார் மதிப்பிட வேண்டும்.

இங்கிலாந்தில் 2017 ஏப்ரலில், 30 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஊதியச் செலவுள்ள நிறுவனங்களிடம் 0.5 விழுக்காடு பயிற்சி வரி வசூலிக்கும் திட்டம் வந்தது. வரி செலுத்தாத சிறு நிறுவனங்கள் பயிற்சிச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஏற்க நேர்ந்தது. அடுத்த கல்வியாண்டில் புதிதாகச் சேர்ந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 4.95 லட்சத்திலிருந்து 3.76 லட்சமாகச் சரிந்தது. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அந்தப் பங்கை 2019இல் பாதியாகக் குறைக்க வேண்டிவந்ததை மறந்துவிட முடியாது.

இடங்களுக்கு உச்சவரம்பு வைப்பதிலும் கவனம் தேவை. ஆஸ்திரேலியா 2020 அக்டோபரில் பழகுநர் ஊதியத்தில் பாதியை ஏற்பதாக அறிவித்து, 1 லட்சம் பேர் என வரம்பிட்டது. சில மாதங்களிலேயே இடங்கள் நிரம்பிவிட, 2021 மார்ச்சில் வரம்பையே நீக்கியது. எல்லா அரசுகளாலும் அப்படிச் செய்ய இயலாது. இயலாத அரசு, முந்தி விண்ணப்பித்தவருக்கே நிதி என்று விட்டுவிடாமல், முதன்முறை வேலைக்கு வரும் இளைஞர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் உரிய பங்கைத் தனியே ஒதுக்கி, அந்த விதிகளை நிதியாண்டு தொடங்கும் முன்பே வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்