உடம்பைப் பார்த்துப் பையனை எடுக்கும் பழக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலிய ரக்பி லீக் கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை எப்படிப் பிடிக்கின்றன என்ற உங்கள் கட்டுரையில் தகவல்கள் நிறைய. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. 14 வயதிலேயே பெரிய, வேகமான பையன்களைப் பார்த்து ஒப்பந்தம் போட்டுவிடும் கிளப்தான் ஜெயிக்கும் என்கிறது கட்டுரை. கிளப்புகள் பணத்தைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இலங்கைப் பள்ளிகளில் ஆடும் ரக்பியை மனதில் வைத்துப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அது 15 பேர் ஆடும் யூனியன். லீக்கில் 13 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள், அதாவது ஆறு முறை பிடித்து வீழ்த்தப்படும் வரைதான் பந்து அவர்களிடம். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி, மறுபடி முன்னேறி வர வேண்டும். 80 நிமிடமும் இதே கதை. ஆள் எடுப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பது இந்த 10 மீட்டரில் இருக்கிறது.

நியூ சவுத் வேல்ஸில் ஒரு பையன் ஹரோல்ட் மேத்யூஸ் கோப்பை, எஸ்.ஜி. பால் கோப்பை, ஜெர்சி ஃப்ளெக் என்ற வயதுவாரிப் போட்டிகளில் படிப்படியாக ஏறி வருகிறான். குயின்ஸ்லாந்தில் சிரில் கானல், மால் மெனிங்கா கோப்பைகள். பெண்களுக்கு லிசா ஃபியாவோலா, டார்ஷா கேல். நாட்டுப்புற மாவட்டங்களுக்கு ஆண்ட்ரூ ஜான்ஸ், லாரி டேலி கோப்பைகள் தனி. இவற்றில் எல்லாம் வயதுக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 15 வயதில் பதினொரு மாதம் சின்ன விஷயமில்லை. உடம்பு எப்போது வளரத் தொடங்குகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். பையன்களுக்கு உயரம் மளமளவென்று கூடும் உச்சம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும். சிலருக்கு 12இலேயே வந்துவிடும், சிலருக்கு 16 ஆனாலும் வராது.

சீக்கிரம் வளர்ந்தவன் 16 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் நேராக ஓடினாலே மூன்று பேரை இழுத்துக்கொண்டு போய்விடுவான். காலை மாற்றி வைக்கவோ, டேக்கிளில் தலையைச் சரியான பக்கம் கொண்டுபோகவோ, இடப்பக்கம் பந்து கொடுக்கவோ அவனுக்குத் தேவையே வராது. 20 வயதில் எதிரே நிற்பவர்களும் 100 கிலோவைத் தாண்டிய பிறகு அவன் கையில் ஒரு வித்தையும் மிஞ்சாது. பொடியனாக இருந்தவனோ அதுவரை தப்பிப் பிழைக்கவே பத்து வித்தை கற்றிருப்பான். ஆனால் அவனை 15 வயதில் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

இதற்கு மருந்தாக வளர்ச்சிக் கணக்கு வைக்கலாம். உயரம், உட்கார்ந்த உயரம், எடை, வயது ஆகியவற்றை மிர்வால்ட் சமன்பாட்டில் போட்டால், பையன் வளர்ச்சி உச்சத்துக்கு எவ்வளவு முன்னே அல்லது பின்னே இருக்கிறான் என்று வரும். அளக்கும்போது ஷூ கூடாது. எப்போதும் ஒரே வேளையில் அளக்க வேண்டும். காலை உயரமும் மாலை உயரமும் ஒரு சென்டிமீட்டர் வரை வேறுபடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். வழக்கமாக நடக்கும் பிழை, உட்கார்ந்த பெட்டியின் உயரத்தைக் கழிக்க மறப்பது, அல்லது அடுத்த முறை வேறு பெட்டியைப் போடுவது. எல்லாம் சரியாகச் செய்தாலும் விடை அரை ஆண்டு முன்பின் இருக்கும். இன்னொன்று, இந்தச் சமன்பாடு கனடா, பெல்ஜியம் பிள்ளைகளை வைத்து உருவானது. பசிபிக் தீவுகளான சமோவா, டொங்கா வம்சாவளிப் பையன்கள் இவ்வளவு பேர் ஆடும் விளையாட்டில் அந்த எண்ணை வேதவாக்காக எடுக்க முடியாது. பெற்றோரின் உயரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

ஓட்டச் சோதனையிலும் இதே மாதிரிக் குளறுபடிதான். 40 மீட்டர் நேரத்தைப் பார்த்து எல்லோரும் மயங்குகிறார்கள். தடையில்லாமல் 40 மீட்டர் ஓடும் வாய்ப்பு ஒருவனுக்கு ஒரு ஆட்டத்தில் ஓரிரு முறை வந்தால் அதிகம். முதல் 10 மீட்டரோ ஓயாமல் வரும். கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்திய நேரம், மின்னணுக் கருவி காட்டும் நேரத்தைவிட ஏறக்குறைய 0.2 விநாடி குறைவாக இருக்கும். ஊர்ப்புறச் சோதனையில் கையால் எடுத்ததையும் சிட்னியில் கருவியால் எடுத்ததையும் ஒரே பட்டியலில் போட்டு ஒப்பிட்டால் ஊர்ப் பையன் மின்னல் மாதிரித் தெரிவான். களைக்காமல் ஓடும் சக்திக்கு பிராங்கோ சோதனை எளிது: 20, 40, 60 மீட்டர் போய்வருவதை ஐந்து முறை செய்தால் மொத்தம் 1,200 மீட்டர். கூம்பும் வாட்சும் போதும்.

சோதனையைவிட ஆட்டத்தை நேரில் பார்ப்பதுதான் முக்கியம். வீடியோ கேமரா பந்தைத் துரத்தும். ஆள் எடுப்பவர் பந்து இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும். டேக்கிள் முடிந்து தரையிலிருந்து எழுந்து தன் கோட்டுக்குத் திரும்ப அவனுக்கு எத்தனை விநாடி ஆகிறது? கடைசி 20 நிமிடத்தில் அது கூடுகிறதா? பந்தை நழுவவிட்ட பிறகு அடுத்த இரண்டு டேக்கிளில் என்ன செய்கிறான்? தன் அணி உதைத்த பந்தைத் துரத்துவதில் முன்னால் இருக்கிறானா, வேலியோரம் நடக்கிறானா? ஹூக்கர் (டேக்கிளுக்குப் பின் தரையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர்) என்றால் நிமிர்ந்து நிற்காமல் தரையிலிருந்தே இரு பக்கமும் பந்தை வீசுகிறானா? விங்கர் (மைதான ஓரத்தில் ஆடுபவர்) என்றால் தன் கோட்டருகே யாருக்கும் பிடிக்காத அந்த முதல் ஓட்டத்தைக் கேட்டு வாங்குகிறானா? ஹாஃப்பேக்குக்கு (ஆட்டத்தை நடத்துபவருக்கு) ஐந்தாவது டேக்கிளில் எடுக்கும் முடிவுதான் மார்க். ஒரு ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதக் கூடாது. மழையில் ஒன்று, அணி படுதோல்வி அடையும் ஆட்டம் ஒன்று அவசியம். கோச்சைக் கேட்பதைவிடத் தண்ணீர் பாட்டில் தூக்கி ஓடுபவரைக் கேட்டால் உண்மை சீக்கிரம் வரும் என்பது என் அபிப்பிராயம்.

உடம்பை மட்டும் பார்த்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள்! ஜொனாதன் தர்ஸ்டனைச் சின்ன உடம்பு என்று பல கிளப்புகள் ஒதுக்கின. கான்டர்பரி புல்டாக்ஸ் எடுத்தது. 2002இல் முதல் ஆட்டம். பிறகு நான்கு டாலி எம் பதக்கம் (ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கானது), 2015இல் நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸுக்கு முதல் கோப்பை. 430 ஆட்டம் ஆடிய கேமரன் ஸ்மித்துக்கு மிரட்டும் உடம்பும் இல்லை, மின்னல் வேகமும் இல்லை. மெல்பர்ன் ஸ்டார்ம் அவரையும் பில்லி ஸ்லேட்டரையும் கூப்பர் கிராங்கையும் பிரிஸ்பேனின் நார்த்ஸ் டெவில்ஸ் வழியாக வளர்த்தது. நிக்கோ ஹைன்ஸ் குயின்ஸ்லாந்தின் மக்காய் வரை சுற்றிவிட்டு வந்து 2022இல் டாலி எம் வாங்கினார். இங்கிலாந்தில் லீட்ஸ் ரைனோஸின் ராப் பர்ரோ 1.65 மீட்டர் உயரத்தில் எட்டு கிராண்ட் ஃபைனல் ஜெயித்தார். அங்கே வயதுக் கணக்கு செப்டம்பரில் தொடங்குகிறது, அவர் பிறந்ததும் செப்டம்பரில். வயதில் வகுப்பின் மூத்தவர்களில் ஒருவர், உடம்பில் பொடியர். பிறந்த மாதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவர்களையும் அவர் ஓடவிட்டுவிட்டார்.

மேற்கு சிட்னியின் பென்ரித் கிளப் இளம் பையன்களைப் பிடித்தே ஜெயித்தது என்று கட்டுரையாளர் எழுதியதில் பாதிதான் சரி. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கோப்பை, சொந்த மாவட்டப் பையன்களை முதுகெலும்பாக வைத்து. ஜெரோம் லுவாய், பிரையன் டோஓ, ஸ்டீவன் கிரைட்டன் மூவரும் பென்ரித் மாவட்டத்து மவுண்ட் டிரூயிட் வட்டாரம். நாட்டுப்புற ஊர்களிலிருந்து ஐசயா யோ டப்போக்காரர், லியம் மார்ட்டின் டெமோராக்காரர். ஆனால் அவர்கள் ஒரே நாளில் பிடிக்கப்பட்டவர்கள் இல்லை. ஆண்டுக்கணக்கில் கீழ் அணிகளில் சேர்ந்து ஆடி வந்தவர்கள். வெற்றிக்கு விலையும் உண்டு. சம்பள உச்சவரம்புக்குள் 30 பேரை அடக்க வேண்டியிருப்பதால் கிரைட்டன் புல்டாக்ஸுக்கும், லுவாய் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கும், ஜேம்ஸ் ஃபிஷர்-ஹாரிஸ் வாரியர்ஸுக்கும் போனார்கள். ஒருவர் போகும் முன்பே அவர் இடத்துக்கு 19 வயதில் யார் தயார் என்று தெரிந்திருப்பதுதான் அந்த கிளப்பின் சாமர்த்தியம்.

இதனால்தான் 'ஆஸ்திரேலிய கால்பந்து மாதிரி ட்ராஃப்ட் முறை (கிளப்புகள் முறை வைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) வேண்டும்' என்ற யோசனையும் எனக்கு ஏற்பில்லை. லீக்கில் அது இருந்தது. 1991இல் ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஆட்டக்காரரின் தொழில் உரிமையை நியாயமின்றித் தடுக்கிறது என்று செல்லாததாக்கியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வளர்த்த பையனை வேறு கிளப் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளும் என்றால், மவுண்ட் டிரூயிட் மைதானத்தில் யார் காசு போடுவார்கள்?

பெற்றோருக்கும் ஒரு விஷயம். டூங்காபி, வென்ட்வொர்த்வில் பக்கம் பரமட்டா ஈல்ஸின் ஜூனியர் மாவட்டம். நம்மவர்கள் நிறைய இருக்கும் இடம். 15 வயதுப் பிள்ளைக்கு ஒப்பந்தம் நீட்டினால் தொகையைக் கடைசியாகப் பாருங்கள். முட்டித் தசைநார் அறுந்தால் அறுவைச் சிகிச்சைக்கும், ஏறக்குறைய ஒரு ஆண்டு பயிற்சிக்கும் யார் பணம் கட்டுவது, அந்த ஆண்டு ஒப்பந்தம் தொடருமா, பள்ளிக் கட்டணம் நிற்குமா, ஊர் விட்டு வந்தவன் என்றால் யார் வீட்டில் தங்குவான், திரும்பிப் போக விரும்பினால் விடுவார்களா என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஏஜென்ட் அங்கீகாரம் பெற்றவரா என்றும் கேளுங்கள். பையனைத் தனியாகக் காபிக் கடைக்கு அழைத்துப் பேசும் ஆளைவிட, வீட்டுக்கு வந்து பாட்டி முன்னிலையில் பேசுகிறவர் மேல். சமோவா, டொங்கா குடும்பங்களை அறிந்த நல்ல ரெக்ரூட்டர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். ஜெர்சி ஃப்ளெக்கை 20 வயதுக்குட்பட்டோர் போட்டி என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது முன்பு, இப்போது 21. ஹரோல்ட் மேத்யூஸும் 16 அல்ல 17, எஸ்.ஜி. பால் 18 அல்ல 19. மூன்றுக்கும் ஒவ்வொரு ஆண்டு கூட்டியிருக்கிறார்கள். உங்கள் பெட்டிச் செய்தியில் இருக்கும் அட்டவணை பழையது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மேற்கு சிட்னி