இடம் கேட்டுப் பாடுகிறோம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போன ஞாயிறு போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "அந்தக் கோயில்ல இனி யாருப்பா இருக்கா? வீட்டைக் கொடுத்துட்டு எங்ககூட வந்துருங்க" என்றாய். அக்கறையில் சொன்னதுதான், தெரியும். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

நீ சிகாகோவை விட்டுப் போன பிறகு நம் பில்சன் பகுதி நிறைய மாறிவிட்டது. உன்னோடு மறைக்கல்வி படித்த மெக்சிகோ பிள்ளைகளின் குடும்பங்கள் பல, வாடகை தாங்காமல் பக்கத்து ஊர்களான சிசரோவுக்கும் பெர்வினுக்கும் போய்விட்டன. அவர்கள் இருந்த வீடுகளில் இப்போது இளவட்டங்கள். ஞாயிறு காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நம் கத்தோலிக்கக் கோயில் வாசலைக் கடந்து போவார்கள். உள்ளே பத்து மணிப் பூசைக்கு முன்வரிசை நான்கு பெஞ்சு நிறைந்தால் பெரிது. அக்டோபரில் பூசைக்கு வருபவர்களைத் தலை எண்ணுவார்களே, ஒரு வருடம் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. கடைசிப் பெஞ்சருகே நின்று எண்ணினேன். முதல் வாசகம் முடிவதற்குள் எண்ணி முடித்துவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

என் பயம் வீண் பயம் இல்லை. பக்கத்தில் புனித அடால்பர்ட் கோயில், சின்னப் பிள்ளையாக ரயிலிலிருந்து அதன் இரட்டைக் கோபுரத்தைக் கண்டதும் கையை நீட்டிக் காட்டுவாயே, போலந்துக்காரர்கள் 1874இல் தொடங்கிய பங்குச் சபை அது. 2019 ஜூலையில் அங்கே கடைசிப் பூசை நடந்தது. அவ்வளவு பெரிய கோயிலுக்கே அப்படி என்றால், நம்முடையது எம்மாத்திரம்?

இந்தப் பகுதிக் கோயில்கள் எல்லாம் பிழைக்க வந்தவர்கள் காசு காசாகச் சேர்த்துக் கட்டியவை. அந்தக் காலத்தில் பூசை எல்லோருக்கும் லத்தீன்தான். ஆனால் பிரசங்கம், பாவசங்கீர்த்தனம், பாட்டு இவை தாய்மொழியில் வேண்டும் என்று ஒவ்வொரு மொழிக்காரரும் தனிக்கோயில் எழுப்பினார்கள். செக் மக்களுக்குப் புனித புரோகோபியுஸ், போலந்துக்காரர்களுக்கு அடால்பர்ட். 1960களில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்துக்காகப் பக்கத்துப் பகுதியில் வீடுகளை இடித்தபோது, அங்கிருந்த மெக்சிகோ மக்கள் பில்சனுக்கு வந்தார்கள். பழையவர்கள் எல்லோரும் முகம் மலர்ந்து இடம் விட்டார்கள் என்று சொல்லமாட்டேன். போலந்துக்காரர்களின் செஸ்தொகோவா மாதாவுக்குப் பக்கத்தில் மெக்சிகோ மக்களின் குவாதலூப்பே மாதாவை வைப்பதற்கே நம் பங்கில் மனஸ்தாபம் நடந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஆனால் நாம் முதன்முதல் போன ஞாயிறு எனக்கு மறக்காது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒரு போலந்துப் பாட்டி நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சைத் தட்டிக் காட்டினார். பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் திருப்பி என் கையில் கொடுத்தார். அவர் பேசியது ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. நீ புதுநன்மை வாங்கியது வரை, அவர் நகர்ந்து கொடுத்த அந்த இடத்தில்தான் உட்கார்ந்தோம். இந்த ஊரை விடாமல் நான் இருப்பதற்கு அதுதான் முதல் காரணம். அந்த இடத்தை நானும் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

ஆள் சேர்க்க என்னென்னவோ செய்து பார்த்தோம். சுவரொட்டி ஒட்டினோம், கிடார் வைத்துப் பாட்டு, பூசை முடிந்து பீட்சா. பீட்சா தீர்ந்ததும் கூட்டமும் போய்விட்டது. ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து ஒரே பூசை வைத்தோம். பாதி நேரம் ஒருவருக்குப் புரியாது, மறுபாதி மற்றவருக்கு. பூசை அவரவர் மொழியில்தான் நடக்க வேண்டும், அடுப்பங்கரையும் காப்பியும் மட்டும் பொதுவாக இருக்கட்டும் என்பது என் முடிவு. சிலர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மாதான் ஒருநாள், "நம்ம ஊர்ல கோயிலுக்கு வான்னு யாரு கூப்பிட்டா? அன்பியம்னு சேர்ந்து ஜெபிக்க வீட்டுக்குத்தானே வந்தாங்க" என்றாள். சட்டென்று பிடித்துக்கொண்டேன். மெக்சிகோ அம்மாக்களிடம் சொன்னதும் சிரித்தார்கள். அவர்களிடம் போசாதா ஏற்கெனவே இருக்கிறது. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவு, சூசையப்பரும் மாதாவும் தங்க இடம் கேட்டு வீடு வீடாகப் போவதுபோலப் பாடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் இடம் இல்லை என்று பாட்டிலேயே மறுத்து, கடைசியில் கதவைத் திறப்பார்கள். வழக்கமாகத் தெரிந்தவர் வீடுகளுக்குத்தான் போவோம். போன வருடம் அந்தப் புது அடுக்குமாடியிலும் போய் நின்றோம்.

மூன்று கதவு திறக்கவில்லை. நான்காவது கதவைத் திறந்த பெண்ணுக்குப் பாட்டும் தெரியாது, பதிலும் தெரியாது. கொஞ்சம் விழித்துவிட்டு, "குளிருகிறது, உள்ளே வாருங்கள்" என்றாள். பாட்டின் கடைசி அடியைத் தெரியாமலே சொல்லிவிட்டாள்! சிறுவயதில் கோயிலுக்குப் போனதோடு சரியாம். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடத்தில் அவள் கதவைத் தட்டிய முதல் அண்டைவீட்டார் நாங்கள்தானாம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு வருகிறாள், சில வேளை தோழியோடு. இந்த அக்டோபரில் எண்ணியபோது ஆறாவது பெஞ்சு வரை ஆள் இருந்தது. இது போதாது. கூரைப் பழுது அப்படியே இருக்கிறது, கோயிலை நாளைக்கு மூடினாலும் மூடுவார்கள். ஆனாலும் அந்த ஆறாவது பெஞ்சை விட்டுவிட்டு இப்போது என்னால் வர முடியாது, பாப்பா.

நீ கோயிலுக்குப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக இதை எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாயே, 24ஆம் தேதிக்குப் பதிலாக 20ஆம் தேதியே வரப் பார். உனக்கு ஸ்பானிஷ் நன்றாக வரும், என் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் திருத்துகிறார்கள். அந்த அடுக்குமாடியில் இன்னும் இரண்டு மாடி பாக்கி இருக்கிறது. கனமான கையுறை கொண்டு வா, விளக்கை நீ பிடித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா