வீடு பூட்டியிருக்கவில்லை, ஐயா

வீடு தேடி வரும் மருத்துவப் பணிக்கு நாள் குறிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரையில் கடல்பாசி எடுக்கும் ஒரு தாயின் மகள் எழுதுகிறேன்.

போன மாதம் உங்கள் பதிவேட்டில் எங்கள் வீட்டுக்கு நேரே ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதியிருக்கிறது. பூட்டவில்லை. நாய் நுழையாமல் இருக்க வெளியே சங்கிலி மாட்டியிருந்தது. உள்ளே அப்பா படுத்திருந்தார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய் இரண்டு வருடம் ஆகிறது. கதவு தட்டியது அவருக்குக் கேட்டிருக்கிறது. சாயந்திரம் அம்மா வந்ததும் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டிக் கதவைக் காட்டினார். யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்பது அப்படித்தான் தெரிந்தது.

யூரின் டியூபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். அன்று விட்டுப்போனது, அடுத்த முறை எப்போது என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி டியூப் அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல் மாதிரி வீங்கி, அப்பா வாய் திறந்து அழுதார், சத்தம் வரவில்லை. வேன் பிடித்து டவுனுக்குப் போய் வர 1,800 ரூபாய். அம்மா அந்த வாரம் முழுக்க முங்கி எடுத்த பாசிக்காசு அதிலேயே போயிற்று.

வந்த நர்ஸ் அக்கா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். எத்தனையோ ஊருக்கு ஒற்றை ஆளாக வண்டியில் அலைகிறார். நான் கேட்பது அவருக்கு நாள் குறித்துக் கொடுப்பவர்களிடம்: வருகிற நாளை முன்கூட்டியே சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அம்மாவின் நாளை அம்மா தீர்மானிப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வத்தும், தண்ணீர் கீழே இறங்கிவிடும். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கி எடுப்பதெல்லாம் அந்த நாட்களில்தான். அதை விட்டால் அடுப்பு எரியாது. புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்கிறீர்கள். அம்மா தண்ணீருக்குள் இருக்கும் ஐந்து மணி நேரம் யார் புரட்டுவது? நான் கீழக்கரையில் கடையில் நிற்கிறேன். பக்கத்து வீட்டுச் சின்னம்மா வந்து பார்ப்பார். அன்று பார்த்து அவர் ரேஷனுக்குப் போயிருந்தார்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பது எல்லா அலுவலகத்துக்கும் மனப்பாடம். கடல் எந்த நாளில் வத்தும் என்பதும் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே தெரியும். வருடம் முழுவதற்கும் முன்கூட்டித் தெரிகிற ஒன்றைப் பார்த்து நாள் குறிக்க ஏன் முடியவில்லை?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியபோது, மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வாசலுக்கே வரும் என்று கேட்டு நாங்கள் மகிழ்ந்தோம். இன்றும் அது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். ஆனால் நோயாளியைத் தேடி வருகிறவர்கள், அவரைப் பார்த்துக்கொள்கிற ஆளையும் தேட வேண்டாமா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் பராமரிப்பவருக்கான உதவித்தொகை என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் தெருவில் படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணும் அந்தப் பேரில் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அம்மாவின் இடுப்பு போய்விட்டது. அவரிடம் ‘உனக்கு எப்படி இருக்கிறது’ என்று இந்த இரண்டு வருடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். வருகிற நாளை இரண்டு நாள் முன்னால் போனில் சொல்லுங்கள். வத்தம் உள்ள நாளானால் சாயந்திரம் வரச் சொல்லுங்கள். கதவில் சங்கிலி இருந்தால் ஒரு குரல் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து டியூப் மாற்ற வேண்டிய நாள் வரும் அமாவாசைக்கு மறுநாள். அன்று காலையில் அம்மா கடலில் இருப்பார். மாலை நான்கு மணிக்கு மேல் யாரையாவது அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாசிக்காரியின் மகள்