வேப்பங்கொப்புக்குள்ளால் உன் வீடு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. நான் அனுப்பிய படத்தில் வீட்டைவிட வேப்பமரம்தான் கூட என்று நக்கலடித்திருக்கிறாய். சரி, கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. ஆனால் முற்றத்தில் நின்று நேரே எடுத்ததையும் பார்த்தாய்தானே? கூரையில்லாத நாலு சுவர். உங்கள் ஒட்டுசுட்டான் வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பின்னால் போய்க் கொப்புக்குக் கீழே நின்ற பிறகுதான் அது உங்கள் வளவாகத் தெரிந்தது. நீங்கள் இடம்பெயர்ந்தபோது அந்த வேம்பு இடுப்பளவுதான் நின்றதாம், மாமி சொன்னா. இப்போது நிழல் சுவரில் ஏறுகிறது. மரத்தை விட்டுவிட்டு எடுத்தால் இடையில் போன வருசங்கள் படத்தில் வராது.

ஒரு பின்னேரம் முழுக்க வெளிச்சத்தோடு மல்லுக்கட்டினேன். நிழலுக்குள் நின்றால் கமரா கொப்பின் கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. சுண்ணாம்புச் சுவர் வெளிறிப்போகிறது. பிறகு சுவரில் வெளிச்சத்தை அளந்து எடுத்தேன். காரை உதிர்ந்த இடம், வெடிப்பு எல்லாம் வந்தன, கொப்பு கறுத்து ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. இலையும் சுவரும் சேர்ந்து தெளிவாக விழட்டும் என்று வில்லையின் துவாரத்தைச் சிறிதாக்கி எஃப் 11 வைத்தேன். நாலு பக்கமும் இலை வேண்டாம் மச்சான். மேலே ஒரு கொப்பு, பக்கத்தில் அடிமரம், காணும்.

நீ வந்து எடுக்கும்போது கண்ணைக் கமராவில் வைத்துக்கொண்டு பின்னுக்கு நடக்காதே. மிதிவெடிப் பலகை கழற்றிய இடமா என்று ஊராரைக் கேட்டுவிட்டுப் பற்றைக்குள் கால் வை.

போன மாதம் மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊருக்கும் போனேன். நாங்கள் அல்லிராணிக் கோட்டை என்று சொல்வது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய 1801 தொடக்கம் 1804 வரை கட்டுவித்த மாளிகை. கொப்புத் தேடினேன், கிட்ட ஒன்றும் வாய்க்கவில்லை. கடைசியில் இடிந்த யன்னலுக்குள்ளால் கடலை எடுத்தேன். அந்தச் சுவர்களை அரித்துத் தின்கிற கடல், சுவருக்கு நடுவிலேயே சாதுவாகக் கிடக்கிறது. இது எனக்குப் பிடித்த படம். உன் வீட்டுப் படத்தைவிடவும்தான், கோபிக்காதே.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தலைவாசல் நிலையில் ஏதோ எழுத்துச் செதுக்கியிருக்கிறது, பாதி கறையான் தின்றுவிட்டது. கொப்பனின் பெயரா, கொத்தனின் பெயரா? மாமியிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்