போன வாரம் படித்தது என்ன என்று யார் கேட்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வை மறுபடியும் கொண்டு வரவேண்டும் என்று ஒரு வாசகரும், கூடவே கூடாது, பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் படிக்கட்டும் என்று இன்னொரு வாசகரும் உங்கள் நாளிதழில் எழுதிய கடிதங்களைப் படித்தேன். இருவருமே பெற்றோர். இருவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. நான் 1983இல், தொடக்கப் பள்ளிகளுக்கான கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டம் மலேசியா முழுக்கத் தொடங்கிய அதே ஆண்டில், வெண்கட்டியோடு வகுப்புக்குள் நுழைந்தவள். 2021இல், யூ.பி.எஸ்.ஆர். நிறுத்தப்பட்ட ஆண்டில், ஓய்வு பெற்றேன். ஆக, அந்தத் தேர்வு 1988இல் வந்ததையும் பார்த்தேன், போனதையும் பார்த்தேன். அது போனதற்காக நான் அழவில்லை. ஆனால் அதோடு சேர்த்து வேறு ஒன்றையும் தூக்கி வெளியே போட்டுவிட்டோம்: படித்ததைப் பிள்ளையிடம் திரும்பக் கேட்டுப் பார்க்கும் பழக்கம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் ஆண்டுக்குக் கணிதம் எடுத்த காலத்தில் ஜனவரியிலிருந்தே பயிற்சித்தாள்தான். காலையில் ஒன்று, மாலை கூடுதல் வகுப்பில் ஒன்று, சனிக்கிழமை பட்டறை. தமிழ் நாளிதழ்களில் வரும் யூ.பி.எஸ்.ஆர். பயிற்சிப் பக்கங்களை வெட்டி, ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து என் வீட்டு அலமாரியே நிறைந்து கிடந்தது. கேள்வியில் ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதம்’ என்று வந்தால் கழி என்று பிள்ளைகளுக்குச் சூத்திரம் மாதிரி சொல்லிக்கொடுத்தேன். நல்ல தேர்ச்சியும் வந்தது. பரிசளிப்பு விழாவில் பெற்றோர் சால்வை போர்த்தினார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

2016இல், கே.பி.எஸ்.ஆருக்குப் பதிலாக வந்த கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டத்தில் படித்த முதல் பிள்ளைகள் தேர்வெழுதினார்கள். தாளின் அமைப்பு மாறியது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் கூடின. முந்தைய ஆண்டு நாடு முழுவதும் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எல்லாப் பாடங்களிலும் ஏ எடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஐந்தாயிரத்தைக்கூட எட்டவில்லை. தாள் கடினமாகிவிட்டது என்று எல்லாரும் பேசினார்கள். அது உண்மைதான், பாடங்களின் கணக்கும் கூடியிருந்தது. ஆனால் என் வகுப்பில் நான் பார்த்தது வேறு. ‘மீதம்’ என்ற சொல் இருக்கும், ஆனால் கூட்ட வேண்டிய கணக்காக இருக்கும். என் பிள்ளைகள் வரிசையாகக் கழித்திருந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருந்தார்கள்!

அப்புறம் காற்று மறுபக்கம் அடிக்கத் தொடங்கியது. 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்றார்கள். மேசைகளைக் குழுக்குழுவாகத் திருப்பிப் போட்டோம். மஹ்ஜோங் தாள் என்று நாங்கள் சொல்லும் பெரிய வெள்ளைத் தாள், மார்க்கர் பேனா, சுவர் முழுக்கப் படைப்புகள், பிள்ளைகள் வரிசையாகச் சுற்றிவந்து பார்த்துக் குறிப்பெழுதும் ‘கேலரி வாக்’. ஒருமுறை அதிகாரிகள் என் நான்காம் ஆண்டு வகுப்பைப் பார்வையிட வந்தார்கள். பாடம் பின்னம். ஐந்து குழு, ஐந்து மஹ்ஜோங் தாள். வகுப்பு கலகலவென்று இருந்தது. அதிகாரிகள் சிரித்துக்கொண்டே படம் பிடித்தார்கள். எனக்கு நல்ல குறிப்பும் எழுதிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகுதான் மூன்றாவது குழுவின் பையன் ஒருவனைக் கவனித்தேன். தாளின் மேலே ‘பின்னம்’ என்ற தலைப்புக்கு அவன்தான் வண்ணம் தீட்டியிருந்தான். கொட்டை எழுத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு நிறம், ஓரத்தில் நட்சத்திரம். அழகாகத்தான் இருந்தது. அருகில் அழைத்து, “மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா?” என்று கேட்டேன். “நாலுல ஒண்ணு டீச்சர்” என்றான், கொஞ்சமும் தயங்காமல். ஒரு மணி நேரமும் அவன் செய்தது ‘ன்’ மேல் புள்ளி வைத்தது மட்டும்தான். கணக்கைச் செய்தது குழுவில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளை. மற்ற மூவரும் கத்தரிக்கோல், பசை, நிறம். தாளில் பின்னம் இருந்தது, பிள்ளையிடம் இல்லை. பயிற்சித்தாள் காலத்திலும் இதே கதைதான்: தாளில் விடை இருந்தது, பிள்ளையிடம் கணிதம் இல்லை.

எந்த முறையில் கற்பித்தோம் என்பதைவிட, அந்தப் பையனுக்குப் புரியவில்லை என்று எனக்கு எப்போது தெரிந்தது என்பதுதான் முக்கியம் என்று அன்றைக்குப் பட்டது. அன்று தெரிந்ததே தற்செயலாகத்தான்.

மறுவாரத்திலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பாடம் தொடங்கும் முன் கையளவு காகிதத்தில் மூன்றே கேள்விகள். ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. புத்தகம் மூடியிருக்க வேண்டும். பெயர் எழுதலாம், புள்ளி கிடையாது, வரிசை எண் கிடையாது, பெற்றோர் கையெழுத்தும் கிடையாது. ஐந்து நிமிடம். பதிலைக் கரும்பலகையில் எழுதியதும் அவரவரே திருத்திக்கொள்வார்கள். நான் காகிதங்களைச் சேகரித்து, இடைவேளையில் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டே புரட்டுவேன். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதிகாரிகளுக்குக் காட்ட இதில் ஒன்றுமில்லை. படம் பிடிக்கவும் ஒன்றுமில்லை.

இது ஏதோ நான் கண்டுபிடித்தது என்று சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, நேரம் கிடைத்ததால் படித்துத் தெரிந்துகொண்டது இது: அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். சிலர் அதை இரண்டு தடவை படித்தார்கள். சிலர் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால்: அவர்களுக்கு 81 விழுக்காடு நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். திரும்பப் படித்தவர்களுக்கு 42, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. மண்டைக்குள் போட்டதைவிட, மண்டைக்குள்ளிருந்து எடுத்ததுதான் தங்கியது. “டீச்சர் சொல்லும்போது நல்லா புரிஞ்சுச்சு, பரிட்சையில மறந்துபோச்சு” என்று பிள்ளைகள் சொல்லும்போது பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். அவர்கள் சொன்னது உண்மைதான்.

குழு நடவடிக்கையை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே பாடம், ஒரு பாதிக்குத் திறமையான விரிவுரை, மறு பாதிக்குச் சிறு குழுக்களாக உட்கார்ந்து கணக்கைத் தாங்களே முயன்று பார்க்கும் வகுப்பு. முயன்று பார்த்தவர்கள்தான் சோதனையில் அதிகம் வாங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், கேட்டபோது விரிவுரை கேட்டவர்களே ‘நாங்கள் அதிகம் கற்றுக்கொண்டோம்’ என்றார்களாம். முயலும்போது தடுமாறுகிறோம் இல்லையா, அந்தத் தடுமாற்றமே ‘ஒன்றும் வரவில்லை’ என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அந்த வகுப்பில் ஒவ்வொருவரும் முயல வேண்டியிருந்தது, முயன்ற உடனே ஆசிரியர் சரியான விடையை விளக்கினார். யாரும் தலைப்புக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கவில்லை.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பது என்பதும் 21ஆம் நூற்றாண்டில் பிறந்த சங்கதி அல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் விடுதியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் விடுதிக்குக் கொண்டுவந்து, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தார். ஊர் திரும்பி 1797இல் அதைப் பற்றி எழுத, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கே போனது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை அது. இப்போது அவர் ஆங்கிலப் பெயரோடு நம்மிடமே பயிற்சிப் பட்டறைக்கு வருகிறார்!

சரி, இன்றைய நிலைக்கு வருகிறேன். எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இரண்டு வீடு தள்ளி ஒரு சிறுமி இருக்கிறாள். ஐந்தாம் ஆண்டு. அம்மா பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மாலை ஐந்து மணிக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். கட்டணம் எல்லாம் இல்லை, எனக்கும் பேச்சுத்துணை. அவள் பள்ளியிலிருந்து வந்த வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கையில் கணிதத்துக்கு அடைவுநிலை 4. ஆறு வரை உள்ள அளவில் அது நல்ல நிலை. நான் முதல் நாள் 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னேன். 376 என்று எழுதினாள். எந்த இடத்திலும் சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழித்துவிடுவது, மேலா கீழா என்ற கேள்வியே இல்லை. இது இரண்டாம் மூன்றாம் ஆண்டில் சரிசெய்திருக்க வேண்டியது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு 2019இலிருந்து தேர்வு இல்லை. அது நல்ல முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். தேர்வுக்குப் பதிலாக ஆசிரியர் அன்றாடம் பிள்ளையைக் கவனித்துப் பதிவு செய்யவேண்டும் என்பதுதான் பேச்சு. முப்பத்தைந்து பிள்ளைகள், ஆறு ஏழு பாடம், கணினியில் ஏற்றவேண்டிய தரவு என்று ஆனபோது பதிவு தங்கிவிட்டது, கவனிப்பு நழுவிவிட்டது. அந்த ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் நான்.

இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை ஒரு சிறு வாய்மொழிச் சோதனையில் பார்த்து, வகுப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, நாளில் ஒரு மணி நேரம் போல, யாருக்கு எழுத்து தெரியும், யாருக்குச் சொல், யாருக்குப் பத்தி என்று அந்த மட்டத்திலேயே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2019இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்து, பிள்ளைகள் முன்னேறுவதைக் காட்டினார்கள். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கூட்டிப் போவது. இதற்கு ஸ்மார்ட் டிவி வேண்டாம்.

வளர்ந்தபின் என்ன ஆகிறது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. 15 வயதுப் பிள்ளைகளைச் சோதிக்கும் பீசா ஆய்வில் மலேசியாவின் கணிதப் புள்ளி 2018இல் 440, 2022இல் 409. நடுவில் கோவிட் வந்தது, தெரியும். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரிலும் கோவிட் வந்தது, அங்கே 575.

1816இல் பினாங்கில்தான் இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். இன்று எங்கள் மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் மண்டபம், கூரை, குளிர்சாதனம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, “போன மாதம் நடத்திய பாடத்தைப் பிள்ளைகளிடம் இந்த வாரம் யாராவது திரும்பக் கேட்டீர்களா?” என்று கேளுங்கள். யூ.பி.எஸ்.ஆர். திரும்ப வருமா வராதா என்பது நம் கையில் இல்லை. ஐந்து நிமிடமும் கையளவு காகிதமும் ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் இருக்கின்றன. புள்ளி மட்டும் போடாதீர்கள். போட்டால் அன்றைக்கே அது மறுபடியும் பரிட்சையாகிவிடும், பிள்ளைகள் பக்கத்துக் காகிதத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

அந்தச் சிறுமியைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். பின்னத்துக்கு வந்தபோது அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னேன். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டி 2/5 என்றாள். தவறு என்று சொல்லாமல், கீழே சந்தைக்குப் போய் வேர்க்கடலை தூவி இரண்டாக மடித்த ஒரு அப்பம் பாலிக் வாங்கிவந்தேன். மடித்தபடி இருக்கும் அந்தப் பாதியைக் காட்டி, “இது அரை. இதோட இன்னொரு துண்டு சேர்த்தா, அரையைவிடக் குறைஞ்சு போகுமா?” என்றேன். 2/5 அரையைவிடச் சின்னது என்று அவளுக்கே தெரிந்தது. ஆறு துண்டாக வெட்டினோம், ஐந்து துண்டைத் தட்டில் வைத்தோம், படம் வரைந்தோம், அதற்குப் பிறகுதான் எண். சிங்கப்பூரில் பொருள், படம், எண் என்று இதே வரிசையைத்தான் 80களிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பத்தைச் சாப்பிட்டது அவள். வேர்க்கடலை எனக்கு ஆகாது.

மூன்று வாரம் சரியாகச் செய்தாள். நேற்று அதே கணக்கைக் காகிதத்தில் வைத்தேன். மறுபடியும் 2/5 என்று எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு, என் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே, அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.

(என் பெயரைப் போடவேண்டாம். என்னிடம் படித்தவர்கள்தான் இப்போது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கிறார்கள்.)